இங்கிலாந்து தந்த லீவு

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இணையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் உங்களில் ஒருத்தி என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள்: "மிஸ், இந்தச் சீனச் சனம் ஒரு சொல்லைப் படிப்பிச்சால் இதுக்கு வேற என்ன கருத்து, வேற என்ன கருத்து எண்டு கேட்டே உயிரை வாங்குதுகள். நான் ஒண்டைச் சொல்லிப்போட்டு மிச்சத்தை மறக்கச் சொல்லிப்போட்டன். வகுப்பு நேரத்துக்கு முடிஞ்சுது."

அப்போது என் வாயில் ரோல்ஸ் இருந்தது. இப்போது எழுதுகிறேன். யார் என்று பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். அந்தக் கெட்டித்தனமான வேலையை உங்களுக்கு முன்னரே நான் செய்து முடித்துவிட்டேன். "மிச்சத்தை மற" என்று நான் சொன்ன ஒரு சொல்லால் ஒரு குடும்பம் இரண்டாகப் போக இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் ஆங்கிலம் படிப்பிக்கும் தமிழர் என்பது ஒரு தனி இனம். காலையில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் குளியலறையைத் தேய்த்துவிட்டு, மாலையில் சட்டையை மாற்றிக்கொண்டு பிரசென்ட் பெர்பெக்ட் படிப்பிக்கப் போகிறோம். இரண்டிலும் கறை முழுதாகப் போவதில்லை. நீங்கள் இப்போது கணினிக்கு முன்னால் காதில் ஒன்றைக் கொளுவிக்கொண்டு இருந்த இடத்திலேயே படிப்பிக்கிறீர்கள். நான் படிப்பித்தது ரயில் நிலையத்துக்கும் பல்லரோ சந்தைக்கும் நடுவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருந்தது, நான் இருந்த பதினொரு வருஷமும் அது திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பள்ளியின் முதலாளியை எல்லோரும் டிரெத்தோரே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் இரண்டு: ஓகே, வெரி குட். வேலை கேட்டுப் போன அன்று எங்கே ஆங்கிலம் படித்தாய் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வாசலில் தொங்கிய பலகையில் "ஆசிரியை: லண்டன்" என்று எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு எழுத்துக்கூட்ட அவருக்குத் தெரியவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுத்துப் பேசவில்லை. லண்டன்காரியாக இருப்பது, தரை தேய்த்துத் தேய்ந்த முழங்காலுக்கு நல்லது.

வீட்டில் மட்டும் அந்தப் பட்டம் செல்லாது. அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுப் படியை ஏறும்போதே இவர், என் வீட்டுக்காரர், உள்ளே இருந்து குரல் கொடுப்பார்: "லண்டன் அம்மா வந்திட்டா! கபோ சந்தையிலை சூடை மீன் மலிவு, மூண்டு கிலோ வாங்கியந்தனான். வந்து வெட்டுங்கோ."

லண்டன்காரிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அவள் "தெரியாது" என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக்காரி சொல்லலாம், பிழையில்லை, அது அவளுடைய மொழி இல்லையே. லண்டன் ஆசிரியை என்று பலகையில் எழுதப்பட்டவள் ஒரு சொல்லுக்கு முன்னால் திருதிருவென்று முழிக்கலாமா? ஆகவே நான் எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொன்னேன். உடனே பதில் சொல்வதைத்தான் எல்லோரும் திறமை என்று நினைக்கிறார்கள், நீங்களும்.

என் வகுப்பில் ஏழு சீனர்கள் இருந்தார்கள். எல்லோரும் நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள், அல்லது அங்கே வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருத்தியின் பெயர் மெய். தமிழில் அதற்கு உண்மை என்று பொருள் என்பது அவளுக்குத் தெரியாது. மெய்க்கு முன்னால் நின்று பொய் படிப்பித்திருக்கிறேன் என்று நான்தான் பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

மெய்க்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பயணப்பெட்டி விற்கும் கடையில் வேலை. பிரான்காச்சோவில் ஒரு அறையில் ஐந்து வயது மகளோடு இருந்தாள். கணவர் நாலு வருஷமாக மான்செஸ்டரில் ஒரு உணவகத்தில் சமையல். அந்தப் பிள்ளை தகப்பனைப் போன் திரையில்தான் அறியும். இவர்கள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர ஒரு முறை விண்ணப்பித்தபோது அங்கே மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. மெய் ஆங்கிலம் படிக்க வந்ததும் அந்த ஒரு பயணத்துக்காகத்தான்.

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே சொல், கீழே ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு ஒவ்வொரு பொருளையும் சீன எழுத்தில் எழுதுவாள். எங்களுடைய பேச்சு பாதி இத்தாலியனும் பாதி ஆங்கிலமுமாகத்தான் நடக்கும். அதை உடைந்தபடியே இங்கே எழுதினால் அவள் முட்டாள் போலத் தெரிவாள். இந்தக் கதையில் முட்டாள் வேறு ஆள். ஆகவே பெரும்பாலும் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை "லீவ்" என்ற சொல்லை எடுத்தேன். சின்னச் சொல், அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம் என்பது என் கணக்கு. கதவைத் திறந்து "ஐ லீவ்" என்று சொல்லி வெளியே போனேன். திரும்பி வந்து மறுபடியும் போனேன். எல்லோரும் சிரித்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைப் பெரியவர் கையும் தட்டினார். நடித்துப் படிப்பிப்பதில் எனக்கு ஒரு மமதை இருந்தது.

மெய் சிரிக்கவில்லை. அவள் இலக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்டு, போறது. சரி. குடையை பஸ்ஸிலை லீவ் பண்ணினேன் எண்டால்?"

"மறந்து விட்டிட்டு வாறது."

"மான்செஸ்டரிலை என்ரை மனுசன்ரை முதலாளி லீவ் இட், லீவ் இட் எண்டு கத்துவாராம்."

"தொடாதை, விடு எண்டு கருத்து."

"கடையிலை லீவ் எடுக்கிறது?"

"அது லீவு," என்றேன். எனக்கு மிகவும் பழக்கமான சொல். யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாகப் படிக்கும் சொல். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நாள். "வேலை இல்லாத நாள்."

அவள் நாலு என்று இலக்கம் போட்டு எழுதினாள். பிறகு போனை நிமிர்த்தி என்னிடம் காட்டினாள். "டீச்சர், அகராதியிலை அஞ்சாவது ஒண்டு கிடக்கு. அனுமதி எண்டு போட்டிருக்கு. அது என்ன மாதிரி?"

மணி எட்டு அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. வெளியே சூட்டுக்காற்று. மெய்யாகச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பொருள் சரியாகத் தெரியாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பலகை லண்டன் என்கிறதே! நான் கையை வீசினேன். "அது பழைய ஆங்கிலம். ராசா ராணி காலத்துக் கதை. இப்ப ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. மறவுங்கோ."

மெய் அடிமட்டத்தை எடுத்தாள். ஏற்கெனவே எழுதியிருந்த அந்த ஐந்தாவது வரியை நேராக ஒரு கோடு போட்டு வெட்டினாள்.

மூன்று கிழமை போனது. இங்கிலாந்திலிருந்து பதில் அவளுடைய போனுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. எனக்கு அது தெரியாது. பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் வரியிலேயே "லீவ்" என்று இருந்திருக்கிறது. அவள் கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். போ. மறந்து விடு. தொடாதே. வேலை இல்லாத நாள். போனில் அந்தச் சொல்லை மட்டும் தட்டிக் கேட்டாள். போன் "போ" என்றது. முழுக் கடிதத்தையும் போனுக்குக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டியிருக்கலாம். சொல் சொல்லாகப் பிடித்துப் பார் என்று அவளுக்குப் படிப்பித்தது யார்?

கணவருக்கு அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினாள். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அடுப்படியில் முதலாளி கத்தும் ஆங்கிலம். அவரும் "லீவ்" என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தொடாதே, விட்டுவிடு. அதற்குப் பக்கத்தில் "என்டர்" என்றும் இருந்தது. உள்ளே வருவது. போ, உள்ளே வா என்று ஒரு அரசாங்கம் ஒரே வரியில் எழுதுமா? எழுதாது. ஆகவே உள்ளே வராதே, போ என்றுதான் இருக்கவேண்டும் என்று இருவரும் முடிவுகட்டினார்கள். ஏற்கெனவே ஒரு முறை மறுப்பு வாங்கியவர்களுக்கு அடுத்ததும் மறுப்பாகத்தான் தெரியும்.

வியாழக்கிழமை வகுப்பு தொடங்கும்போது மெய் எனக்கு ஒரு சின்னப் பயணப்பெட்டி கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கடையிலிருந்து அன்பளிப்பு. சனிக்கிழமை மகளோடு சீனாவுக்குப் போகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று. பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான பத்திரம், மாதக் கடைசியோடு முடிகிறது, அதைப் புதுப்பிக்கப் போவதில்லை. கணவருக்கும் சொல்லிவிட்டாளாம்: நீ அங்கே இரு, நான் ஊரில் இருக்கிறேன், இனிக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

"ஏன், என்ன நடந்தது?" என்றேன்.

அவள் எனக்காக ஆங்கிலத்தில் சொன்னாள், படித்ததைக் காட்டவேண்டும் என்ற மரியாதையில். "இங்லண்ட் ஸே லீவ். ஐ லீவ்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸேஸ்," என்றேன். "இங்லண்ட் ஸேஸ். எஸ்ஸை விட்டிட்டீங்கள்."

"இங்லண்ட் ஸேஸ் லீவ்," என்று திருத்திச் சொன்னாள்.

"வெரி குட்," என்றேன். ஒருத்தியின் வாழ்க்கை கண்ணுக்கு முன்னால் உடைகிறது, நான் எஸ் பொறுக்கினேன். அந்த வெரி குட்டை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

கடிதத்தைப் பார்க்கலாமா என்று நான் கேட்டதும் இரக்கத்தால் இல்லை. வகுப்புக்கு உண்மையான ஆங்கிலக் கடிதம் ஒன்று கிடைத்ததே, வாசிப்புப் பயிற்சிக்கு ஆகுமே என்ற ஆசை. அவள் போனை நீட்டினாள். நான் லண்டன் குரலில் உரக்க வாசித்தேன்: "யூ ஹாவ் பீன் கிராண்டட் லீவ் டு என்டர்…"

கிராண்டட் என்ற இடத்தில் என் நாக்கு நின்றது.

நான் யாழ்ப்பாணத்தில் ஆறு வருஷம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு அதிபர் இருந்தார். ஒரு நாள் வராமல் நிற்பதற்கும் அவருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். "கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்" என்று நான் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! என் தங்கையின் கலியாணத்துக்குக் கேட்டபோது சிவப்பு மையில் "லீவ் நாட் கிராண்டட்" என்று எழுதித் தந்தார். அவர் தர மறுத்தது எது? ஒரு நாளையா? நாள் அவருடையதா, தருவதற்கு? அவர் மறுத்தது அனுமதி. லீவு கேட்கிறோம், லீவு தருகிறார்கள், லீவு கிடைக்கவில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன எனக்கு, அந்தச் சொல்லே அனுமதி என்பது அந்த மூன்றாம் மாடியில்தான் உறைத்தது. எங்களுக்கு அந்த அனுமதி ஞாபகமில்லை, வீட்டில் படுத்திருந்தது மட்டும் ஞாபகம்.

அடுத்த வரியை மனதுக்குள் வாசித்தேன். அதற்கடுத்ததையும் வாசித்தேன். சந்தேகமே இல்லை. உள்ளே வர அனுமதி தந்திருக்கிறார்கள். அவளுக்கும் மகளுக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் டிரெத்தோரே புதிதாகச் சேர வந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "இதோ, எங்கள் லண்டன் சிஞ்ஞோரா!"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு மூன்று வழி தெரிந்தது. கடிதம் எழுதியவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லலாம். வகுப்பு முடிந்தபின் மெய்யைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை பார்த்தேன், நல்ல செய்திதான் என்று நான் கண்டுபிடித்த மாதிரிக் காட்டலாம். அவள் என் கையைப் பிடித்து நன்றியும் சொல்லியிருப்பாள். அந்த இரண்டாம் வழியில் என் கால் பாதி போய்விட்டது என்பதை மறைக்கமாட்டேன். மேசையில் அவளுடைய கொப்பி திறந்து கிடந்தது. அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு. தானாகக் கண்டுபிடித்த சரியான விடையை என் பேச்சைக் கேட்டு வெட்டியிருக்கிறாள். அதைப் பார்த்தபின் என்னால் நடிக்க முடியவில்லை. மிஞ்சியது மூன்றாம் வழி.

"மெய், நான் பிழையாய்ச் சொல்லித்தந்திட்டன்," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்த அஞ்சாவதுதான் சரி. லீவ் எண்டால் அனுமதி. உங்களை வரச் சொல்லியிருக்கினம். அண்டைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாமல்தான் மறக்கச் சொன்னனான்."

முதலாளியிடம் லீவு கேட்பதையும் அவர் தருவதையும் காட்டி விளக்கினேன். கண்ணாடிக் கடைப் பெரியவர் மேசையில் தட்டி "ஜியா!" என்று கத்தினார். அவர்களுக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறதாம். முதலாளியிடம் ஜியா கேட்பார்கள், முதலாளி ஜியா தருவார். ஏழு பேருக்கும் ஒரு நொடியில் விளங்கியது. ஏழு பேரும் பிறந்த நாள் முதல் அறிந்த ஒன்றை நான் கதவைத் திறந்து மூடி நடித்து மறைத்திருக்கிறேன்.

டிரெத்தோரே முகத்தில் சிரிப்பு மாறாமல் புதியவர்களிடம் திரும்பினார். "சிஞ்ஞோராவுக்குக் களைப்பு. லண்டன்காரருக்கு எங்கள் சிரோக்கோ காற்று ஒத்துவருவதில்லை."

"டிரெத்தோரே, நான் லண்டனைக் கண்ணாலும் கண்டதில்லை," என்றேன்.

பெரியவர்தான் சிரித்தார். "டீச்சர், இடைவேளையிலை கையாலை சோறு குழைச்சுச் சாப்பிடுற லண்டன்காரியை நாங்களும் கண்டதில்லை. முதல் நாளே தெரியும்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஆக, ஒருவரும் நம்பாத ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் நான் அந்தப் பெண்ணை விற்றிருக்கிறேன். இதைவிட மலிவாக ஒருவர் ஏமாற முடியாது.

மெய் அழவில்லை. நன்றியும் சொல்லவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் கேட்டனான், டீச்சர். அகராதியையும் காட்டினனான். தெரியாது எண்டு ஏன் சொல்லேல்லை?"

அவள் போனை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். அங்கே அவளுடைய குரலும், போனுக்குள் ஒரு ஆண் குரலும் மாறி மாறிக் கேட்டன. பிறகு ஆண் குரல் மட்டும் கேட்டது. அது அழுகை என்று விளங்கச் சீனம் தெரியத் தேவையில்லை.

திரும்பி வந்து கொப்பியைப் பைக்குள் வைத்தாள். "டிக்கெட்டை மாத்தலாம்," என்றாள். "மகளுக்குத்தான் என்ன செய்யிறது தெரியேல்லை. அப்பா எங்களை வர விடேல்லை எண்டு சொல்லிப்போட்டன். மூண்டு நாளாய் அவரோடை போனிலை கதைக்கிறாள் இல்லை. முகத்தைத் திருப்புறாள்." அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பயணப்பெட்டியை மட்டும் நான் திருப்பிக் கொடுக்க, வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது தேவைப்பட்டது.

என்னை வேலையால் நிறுத்துவார் என்று நினைத்தேன். டிரெத்தோரே வியாபாரி. அடுத்த கிழமை பலகையில் லண்டனை அழித்துவிட்டு "முன்னாள் பிரித்தானியப் பேரரசிலிருந்து வந்த ஆசிரியை" என்று எழுதியிருந்தார். இதில் பொய் எதுவும் இல்லை என்பதால் நான் விட்டுவிட்டேன். புதிதாக வந்த அந்த இரண்டு பேரும் சேர்ந்தார்கள்.

அதன் பிறகு என் வகுப்பில் ஒருவர் ஒரு சொல்லைக் கேட்டால் நான் பொருள் சொல்வதில்லை. "எங்கே கண்டீர்கள், காட்டுங்கள்" என்பேன். மருந்துப் போத்தலில் கண்டதா, வாடகை ஒப்பந்தத்தில் கண்டதா, காதலி அனுப்பியதிலா? சொல் தனியாக எதையும் சொல்லாது, வரியில் வைத்தால்தான் பேசும். உங்களுக்கு இது ஆங்கிலத்தின் குணம் என்று எண்ணம். கேள்விக்கு விடை எழுதுகிறோம், விருந்துக்குப் போன வீட்டில் விடை பெறுகிறோம். விடை பெறுவது என்றால் என்ன? போக அனுமதி வாங்குவது. தமிழிலும் அதே வித்தை இருக்கிறது. இதை ஒரு சீனர் உங்களிடம் வந்து கேட்டால் எத்தனை பேர் திருதிருவென்று முழிப்பீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. அப்போது முழியுங்கள். முழித்துவிட்டு, தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். நான் முதல் முறை அதைச் சொன்ன அன்று கூரை இடிந்து விழவில்லை. விழும் என்று அத்தனை வருஷம் பயந்திருந்தேன்.

மெய்யும் மகளும் அந்த மாதமே மான்செஸ்டருக்குப் போனார்கள். என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு கிழமை கழித்துக் கண்ணாடிக் கடைப் பெரியவர் செய்தி சொன்னார். விமான நிலையத்தில் பிள்ளை தகப்பனுடைய கையைப் பிடிக்க மறுத்துவிட்டதாம். வீட்டில் மெய் குளிக்கப் போனால்கூட அறைக் கதவில் நின்று அழுகிறதாம், அவரோடு தனியே இருக்கமாட்டேன் என்று. நாலு வருஷம் திரையில் பார்த்துச் சேர்த்த பாசத்தை மூன்று நாளில் கெடுத்தது என் வாய்.

பிறகு கனகாலம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது என் போனில் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கீழே மெய் என்று இருந்தது. வேறு சுகம் விசாரிப்பு எதுவும் இல்லை. "டுடே ஐ லீவ் ஹர் வித் ஹர் ஃபாதர். டூ அவர்ஸ். ஷி நோ க்ரை."

அடுப்பை நிறுத்திவிட்டு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இவர் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"இதிலை லீவ் எண்டால் என்ன கருத்து?" என்று கேட்டார்.

"நம்பி விட்டிட்டு வாறது," என்றேன்.

அந்தக் கருத்தை நான் அவளுக்குப் படிப்பிக்கவில்லை.